அலைக்குளத்தில் எண்ணெய்க் குளியல்

போன சனிக்கிழமை காலை தம்பி செல்வம் போன் செய்தான். வழக்கமாக, "அக்கா, சாப்டியா?" என்றுதான் ஆரம்பிப்பான். அன்றைக்கு அதெல்லாம் இல்லை.

"உடனே கெளம்பி சிப்பிகாட் வா. ஒன்னோட வாசகருங்க வந்திருக்காங்க."

வாசகர்களா? பொய் சொல்வானேன்... உச்சி குளிர்ந்துவிட்டது. எத்தனை பேர் என்று கேட்டேன்.

"கேட்டுலேர்ந்து ரோடு வரைக்கும் லைன் நிக்குது. எல்லாத் தலையிலயும் எண்ணெ!"

டக்கென்று போனை வைத்துவிட்டான்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சிப்பிகாட்டில் தீம் பார்க் நடத்துகிறானே, அவன்தான் என் தம்பி. ஒரு ராட்சத ராட்டினம், நான்கு சறுக்கு, குட்டி ரயில், மெஷின் போட்டு அலை அடிக்கவைக்கும் ஒரு குளம். மெயின்லேண்ட்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிக்கலாம். எங்கள் தீவுக்கு இதுதான் பிரம்மாண்டம். கான்ட்ராக்ட் வேலையில் சேர்த்த பணம், மனைவியின் நகை, பேங்க் கடன் எல்லாவற்றையும் இதில் கொட்டியிருக்கிறான். நாலு பக்கமும் சமுத்திரம் இருக்கிற ஊரில் காசு கொடுத்துத் தொட்டியில் அலை பார்க்க எவன்டா வருவான் என்று அப்போதே கேட்டேன். அக்கா பேச்சை எந்தத் தம்பி கேட்டிருக்கிறான்?

சரி, எண்ணெய்த் தலை விஷயத்துக்கு வருகிறேன். அதற்குக் காரணம் நான்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் இதே பக்கத்தில் எங்கள் ஷாதிபூர் தெருவின் தண்ணீர்க் கஷ்டத்தைப் பற்றி எழுதியிருந்தேன். மூன்று நாளைக்கு ஒருமுறை குழாய் திறக்கிறார்கள், அதுவும் நூல் மாதிரி ஒழுகுகிறது, தனியார் டேங்கர்காரன் வாய்க்கு வந்த ரேட் சொல்கிறான் என்றெல்லாம் புலம்பிவிட்டு, முடிவில் ஒரு பஞ்ச் வேண்டுமே என்று யோசித்தேன். 'பேசாமல் என் தம்பி பார்க்கில் உள்ளூர்க்காரர்களுக்கான லோக்கல் டிக்கெட் எடுத்துக் குடும்பத்தோடு தலைக்குக் குளித்துவிட்டு வரலாம், டேங்கரைவிட மலிவு' என்று முடித்தேன்.

ஜோக்குங்க! ஜோக்!

அதை யாரோ போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள். குரூப் குரூப்பாகச் சுற்றி, கடைசியில் 'முக்கிய அறிவிப்பு' என்ற தலைப்போடு எனக்கே வந்து சேர்ந்தது. அப்போதாவது நான் உஷாராகியிருக்க வேண்டாமா? நாலு பேருக்கு ஃபார்வர்டு செய்தேன்.

ஆட்டோ பிடித்துப் போய் இறங்கினால்... தம்பி சொன்னதில் ஒரு தலைகூட மிகையில்லை. அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று குடும்பம் குடும்பமாக நிற்கிறார்கள். தோளில் துண்டு. பிளாஸ்டிக் கூடையில் சீயக்காய்த் தூள், சோப்பு டப்பா, ஷாம்பு பாக்கெட். சனிக்கிழமை இல்லையா... வீட்டிலேயே உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்துக்கொண்டே பஸ் ஏறியிருக்கிறார்கள். உட்கார்ந்து வந்த சீட்டுகளை நினைத்துப் பார்த்தேன்.

உள்ளே அதைவிடக் கூத்து. முதலில் டிக்கெட் எடுத்த அறுபது எழுபது பேர் அலைக்குளத்தில் இறங்கி, கணுக்கால் ஆழத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒருவர் முதுகை ஒருவர் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். நேரமாயிற்று என்று அலை மெஷினையும் போட்டுவிட்டார்கள். சீயக்காயும் ஷாம்புவும் அலையில் அடிபட்டால் என்ன ஆகும்? இடுப்பளவு நுரை! பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். செல்வத்தைப் பார்த்தேன். அழுவதா, என்னை அடிப்பதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான்.

"கூட்டம் வந்தா நல்லதுதானேடா? டிக்கெட் வாங்கித்தானே வந்திருக்காங்க?" என்றேன், சமாதானமாக.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டான். "ஒனக்கு கணக்கு தெரியுமாக்கா? கேட் தொறக்குறதுக்கு முன்னாடியே நாப்பதாயிரம் காலி! கரன்ட்டு போயிப் போயி வருது, ஜெனரேட்டருக்கு டீசல் ஊத்தணும். இருபத்தாறு ஸ்டாஃப். குளோரின் மெயின்லேண்ட்லேர்ந்து ஷிப்ல வரணும். ஆளே இல்லாட்டியும் டெய்லி கால் மணி நேரம் ராட்டினத்த காலியா சுத்த விடணும், இல்லாட்டி உப்புக் காத்துல பேரிங் ஜாம் ஆயிரும். பேங்க்காரன் தனி!"

"அதான் டிக்கெட் வருதே..."

"டிக்கெட்டு டீசலுக்கே பத்தாது! லாபம் கேட்டுல இல்ல, உள்ளாறதான் இருக்கு. நைலான் டிரெஸ் வாடகை, லாக்கர், கேன்டீன்... அதுலதான் நாலு காசு நிக்கும். இவங்கள பாரு. டிரெஸ்ஸும் கொண்டாந்துட்டாங்க, லெமன் ரைஸும் கொண்டாந்துட்டாங்க. லாக்கர்ல வைக்க சோப்பு டப்பா தவிர என்ன இருக்கு? ஹவுஸ்ஃபுல்லு... பூரா நஷ்டம்!"

தலைக்கு இத்தனை என்று நஷ்டம் வரும்போது தலைகள் கூடினால் என்ன ஆகும்? கூட்டத்தைப் பார்த்து ஒரு முதலாளி நடுங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்த நேரம் பம்ப் ரூமிலிருந்து முருகையா வந்தார். பார்க்கின் மெஷின்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம்.

"மொதலாளி, ஃபில்டர நிப்பாட்டிட்டேங்க. பிரஷர் முள்ளு செவப்புக்குப் போயிருச்சு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "அம்மா, ஃபில்டருக்குள்ளாற இருக்கிறது மணலுங்க. எண்ணெ புடிச்சா கட்டியாப் போயிரும். அப்புறம் புது மணலு மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல வந்து ஹேடோ துறைமுகத்துல எறங்கணும். கப்பலு எப்ப வரும்னு கப்பலுக்கே தெரியாதுங்க."

செல்வம் சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினான். 'மழை வரும்வரை பார்க் மூடப்படுகிறது' என்று டைப் அடித்த நோட்டீஸ்.

விஷயம் இதுதான். சீசன் ஏற்கெனவே படுத்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மெயின்லேண்ட் கம்பெனி ஒன்றின் டூர் குரூப் வருவதாக இருந்தது. நூற்றைம்பது பேர், முழு ரேட், மதியச் சாப்பாட்டோடு. அந்த ஒரு நாள் வருமானத்தை நம்பித்தான் இந்த மாதச் சம்பளமே. குளம் இல்லையென்றால் குரூப் வராது. குரூப் வராவிட்டால் திங்கட்கிழமை நோட்டீஸை ஒட்டிவிட்டு இருபத்தாறு பேரையும் வீட்டுக்கு அனுப்பவேண்டும். முருகையாவையும் சேர்த்துத்தான்.

என் ஒரு வரி ஜோக்குக்கு இருபத்தாறு சம்பளமா?

"இப்ப என்ன பண்ணலாம், முருகையா?"

"இனிமே எண்ணெத் தல ஒண்ணுகூட உள்ள எறங்கக் கூடாதுங்க. நான் மணல கழுவிக் கழுவி ஓட்டிப் பார்க்கிறேன். விடியறதுக்குள்ள தெளிஞ்சாலும் தெளியும்."

நுரைக்குள் இருந்தவர்களைக் கரையேற்றவே அரை மணி நேரம் ஆனது. அடுத்து கேட்டுக்கு ஓடினேன். உண்டாக்கியவள்தானே தீர்க்கவேண்டும்? கையைக் கூப்பிக்கொண்டு, "எல்லாரும் மன்னிக்கணும், இன்னைக்குக் குளம் கிடையாது, நான் எழுதினது தமாஷுக்கு..." என்று ஆரம்பித்தேன்.

வரிசையில் முதலில் நின்ற பெண் என்னை உற்றுப் பார்த்தாள். சரோஜா என்று பெயர், ஹேடோ குவார்ட்டர்ஸ். இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தாள்.

"தமாஷா? நாலு நாளா எங்க பில்டிங்ல பானி வரல மேடம். குடிக்கிற தண்ணிய மட்டும் நாலு மாடி தூக்கி ஏத்துறோம். நீங்க எழுதுனத நம்பித்தான் காலைல பிள்ளைங்களுக்கு எண்ணெ வெச்சேன். இந்தத் தலைய வெச்சுக்கிட்டு இப்ப எங்க போறது? சொல்லுங்க!"

சின்னவன் கண்ணில் எண்ணெய் இறங்கி அவன் கசக்கிக்கொண்டிருந்தான். என் முந்தானையால் துடைத்துவிட்டேன். இத்தனை வருடமாகப் பத்தி எழுதுகிறேன்... ஒரு வரிகூடக் கைகொடுக்கவில்லை.

குளத்தில் இறங்குமுன் குளிக்க ஷவர் இருக்குமே என்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. எல்லா நீச்சல் குளத்திலும் இருக்கும். இங்கே எங்கே? செல்வத்தையும் இழுத்துக்கொண்டு தேடிப் போனால்... குளத்துக்குப் பின்னால் ஆண்களுக்கு ஐந்து, பெண்களுக்கு ஐந்து என்று பத்து ஷவர்கள். இரண்டு பக்கமும் சங்கிலி போட்டுப் பூட்டு. உள்ளே ஓட்டை மிதவை டியூப்களை அடுக்கி வைத்திருக்கிறான்.

"இது என்னடா?"

"பின்னாடி இருக்கிற ஊத்துக் குளத்துலதான் பார்க்குக்கே தண்ணி, அது கொறைஞ்சிட்டே வருதுக்கா. மிச்சம் பண்ணலாம்னு ஜனவரிலயே பந்த் பண்ணிட்டேன்."

"எவ்வளவு மிச்சமாச்சு?"

"டெய்லி ரெண்டாயிரம் லிட்டர் இருக்கும்."

"அலைக்குளம் எவ்வளவு பிடிக்கும்?"

"அஞ்சு லட்சம்..." என்றவன், பாதியில் நிறுத்திவிட்டான்.

இரண்டாயிரத்தை மிச்சம் பிடித்து ஐந்து லட்சத்தில் எண்ணெய் ஊற்றியிருக்கிறான் என் உடன்பிறப்பு! இதுவரை குற்றவாளிக் கூண்டில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இப்போது துணைக்கு ஆள் கிடைத்ததும் என் குரல் தானாக உயர்ந்தது. என்ன சொன்னேன் என்பதை அச்சில் போடமாட்டார்கள்.

முருகையா எங்கள் சண்டையைக் காதில் வாங்கவே இல்லை. பூட்டைத் திறந்து, டியூப்களை வெளியே வீசி, பின்பக்கத்து ஊற்றுக் குளத்தில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டார். குழாய் இரண்டு தடவை இருமியது. அப்புறம் பிய்த்துக்கொண்டு கொட்டியது.

சரோஜாவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அலை கிடையாது, சறுக்கு கிடையாது. வெறும் ஷவர்தான். முழு டிக்கெட் வேண்டாம், பாதிக்கும் கம்மியா வாங்கிக்கச் சொல்றேன்."

"எங்களுக்கு அலையா மேடம் வேணும்? அதான் ஜன்னலத் தொறந்தா தெரியுதே. தண்ணிதானே வேணும்!"

தலைக்கு ஐம்பது ரூபாய் என்று முடிவானது. வரிசையில் ஒருவர் முணுமுணுக்கவில்லை. தள்ளுமுள்ளு இல்லை. முன்னால் குளிக்கிறவர் சோப்பு போடும்போது குழாயை மூடுகிறார்... அடுத்தவருக்கு வேண்டுமே என்று.

சாயங்காலம் கணக்கு பார்த்த செல்வம் மோவாயைச் சொறிந்தான். ராட்டினம் நஷ்டம். ரயில் நஷ்டம். சறுக்கு நஷ்டம். அலைக்குளத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். லாபம் வந்த ஒரே ஐட்டம்... பத்து ஷவர்! அலை மெஷின் வேண்டாம், லைஃப்கார்டு வேண்டாம், குளோரின் வேண்டாம். தேய்த்துக்கொள்கிற வேலையைக்கூட அவரவரே பார்த்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கில் கடன் வாங்கி ராட்டினம் வாங்கியவன், நாலு குழாய் அதிகமாகப் போட்டிருக்கலாம்.

முருகையா மணலை ஏழு முறை கழுவினார். ஞாயிற்றுக்கிழமை காலை குளம் தெளிந்துவிட்டது. லேசாகச் சீயக்காய் வாசனை மட்டும் மிச்சம். குரூப்பில் வந்த ஒரு அம்மாள், "இது ஆயுர்வேத ட்ரீட்மென்டா?" என்று கேட்டாளாம். செல்வம், "யெஸ் மேடம்" என்றிருக்கிறான். பக்கத்தில் முருகையா நின்று முறைத்ததால் எக்ஸ்ட்ரா சார்ஜ் பண்ணாமல் விட்டான். சம்பளப் பணம் வந்தது. நோட்டீஸைக் கிழித்துப்போட்டான்.

இதோடு முடித்திருப்பேன். புதன்கிழமை வந்ததே...

புதன்கிழமை எங்கள் தெருவுக்குத் தண்ணீர் முறை. விடியற்காலையிலிருந்து குழாயடியில் குடத்தை வைத்துக் காத்திருந்தேன். காற்றுதான் வந்தது. பத்து மணிக்குப் பொறுமை போய்விட்டது. துண்டை எடுத்துக்கொண்டு சிப்பிகாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கவுன்டரில் செல்வமே உட்கார்ந்திருந்தான். கையை நீட்டினான்.

"அக்காவுக்குமாடா டிக்கெட்?"

"ராட்டினத்துல வேணா ஃப்ரீயா ஏறிக்கோக்கா. லாபம் வர்ற ஒரே அயிட்டத்துல கன்செஷன் கெடையாது."

ஐம்பது ரூபாயை அவன் முகத்தில் விட்டெறியாத குறையாகக் கொடுத்துவிட்டு வரிசைக்குப் போனேன். ஆண்கள் வரிசை எதிரிலேயே இருந்தது. அதில் நின்ற காக்கி பேன்ட்காரர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"மேடம்தானே? ஷாதிபூர் தண்ணி பத்தி எழுதினீங்களே... படிச்சேன். அப்படியே உண்மை."

"நீங்களும் ஷாதிபூரா?"

"வீடு அந்தப் பக்கந்தான். வேலையும் அங்கதான் மேடம்..." கொஞ்சம் தயங்கினார். "உங்க லைன் வால்வ தொறக்கிறது நான்தான்."

நான் வாயைத் திறந்தேன். குழாயடியில் நின்ற அத்தனை விடியற்காலையும் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"இன்னைக்கும் கரெக்டா அஞ்சு மணிக்குத் தொறந்துட்டேன் மேடம். அணையில தண்ணி இருந்தாத்தானே எறங்கும்? மூட வேண்டிய நேரமும் வந்துச்சு, மூடிட்டு இங்க வந்துட்டேன்" என்றார்.

மூன்று வாரமாகத் திட்டுவதற்கு ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைசியில் கிடைத்தார்... கையில் சோப்பு டப்பாவுடன்!