கேட்ட பாஷையில் பதில்

புத்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தொடர்கதை படித்துக்கொண்டு வந்தார். முறுக்கிய மீசை. பிடிக்காத வரிகளை நகத்தால் கீறிக்கொண்டே படித்தார். திடீரென்று பத்திரிகையைத் தொடையில் ஓங்கி அறைந்தார்.

“கதையில தாத்தன் கொலை பண்ணாத்தான் சார் பேரன் சீரழியறான். எங்க நைனா என்னா பண்ணாரு? தமிழ்நாடு, ஆந்திரான்னு எல்லை பிரிக்க வந்த ஆபீசர், ஊர்ல என்னா பாஷைன்னு தெலுங்குல கேட்டான். கேட்ட பாஷையில சொல்றதுதான் மரியாதைன்னு, ‘தமிழு’ன்னு இவரும் தெலுங்குலயே சொன்னாரு. இவ்ளோ நல்லா பேசறியே, இது தெலுங்கு ஊருதான்னு எழுதிக்கினு பூட்டான். இப்ப எம்புள்ளைக்கு இந்தக் கதையப் படிக்கத் தெரியாது சார்!”

கண்டக்டர் வந்து, “எக்கடிகி?” என்று தெலுங்கில் கேட்டார்.

“திருப்பதிகி” என்றார் அவர், கோபம் தணியாமலே.