கையால் வைத்த வேகம்

என் வீட்டுக்காரர் ஜெமீல், தானாக ஓடுகிற எதையும் நம்பாத மனிசன். இடம்பெயர்ந்து புத்தளம் முகாமில் இருந்த காலத்தில் றேடியோ திருத்தித்தான் எங்களுக்குச் சோறு போட்டார். அங்கே ஜெனரேற்றர் கரண்ட் ஏறும், இறங்கும். தானாகவே சரிக்கட்டும் என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி வந்தார். அது ஊராரின் றேடியோக்களையும் சேர்த்து எரித்துப்போட்டது. அன்றிலிருந்து எந்தச் சாமானைத் தொட்டாலும் 'ஓட்டோ' என்று எழுதிய இடத்தை விட்டுவிட்டுக் கையால்தான் அளவு வைப்பார்.

சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வவுனியாவுக்கு வந்து பட்டாணிச்சூரில் குடியேறினோம். அல்ஹம்துலில்லாஹ், குறை ஒன்றும் இல்லை. கொம்பியூட்டருக்கு வயர் இழுக்கிற வேலை பழகினார். நோன்பு வந்தால் பள்ளிவாசலில் கஞ்சி ஊற்றுகிறவரும் அவர்தான்.

இரஞ்சிதம் ரீச்சர் மலையகத்துக் குடும்பம். இடம்பெயர்ந்த பெண்பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினா. அவவிடம் இருந்த கொம்பியூட்டர் நாலும் பழசு. ஒரு உதவி நிறுவனம் மூன்று புதுசும் ஒரு சேர்வரும் கொடுத்தது. பாடமெல்லாம் சேர்வரில் இருக்கும். மற்றவை வயர் வழியாக அதைக் கேட்டு எடுக்கும். நடுவில் சுவிச் என்று ஒரு சின்னப் பெட்டி, வயர்கள் எல்லாம் வந்து சேருகிற சந்தி மாதிரி. பழசுகள் சேர்வரோடு சேராவிட்டால், மூன்று புதுசிலும் இருத்தக்கூடிய பிள்ளைகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டின அடுத்த நாளே பார்க்க ஆள் வரும்.

இவர் காலையில் போய் வயர் இழுத்து எல்லாவற்றையும் சுவிச்சோடு பூட்டினார். சுவிச்சில் புதுசு மூன்றுக்கும் பச்சை லைற் எரிந்தது. பழசு நாலும் சும்மா கிடந்தன.

"என்னா நானா, இது நாலும் கண்ணே தொறக்கல. சம்பந்தி வீட்டாளுங்க மாதிரி மூஞ்சத் திருப்பிக்கிட்டு நிக்குது," என்றாவாம் ரீச்சர். அண்ணன் முறை வைத்து இவரை நானா என்றுதான் கூப்பிடுவா.

"வயரை மாத்திப் பாப்பம் ரீச்சர்," என்று வயரை மாற்றியிருக்கிறார். அசையவில்லை.

பகல் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பாதிப் பிள்ளையளை நாளைக்கு நிப்பாட்டவேண்டி வரும் போல, றம்லா."

"ஏன், வயர் பிழையோ?"

"வயர் நல்லம். பழசுகள் பத்து வேகத்தில ஓடுறது. புதுசுகள் நூறில ஓடும்."

"நீங்க எதில வச்சீங்க?"

"சுவிச்சில எல்லாத்தையும் நூறில இறுக்கி வச்சிருக்கன். நல்ல சாமான் வந்திருக்கு, முழு வேகத்தில ஓடட்டும் எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது. "வழமை போல ஓட்டோவை விட்டிட்டீங்களோ?"

"அதை நம்பிவிட்டா, பழசைப் பாத்துப் புதுசையும் பத்துக்கு இறக்கிப்போடும். பிறகு புதுசு வந்து என்ன பிரயோசனம்?"

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். பத்தும் நூறும் எனக்கு விளங்காது. ஆனால் அவர் கஞ்சி ஊற்றுகிறது தெரியும்.

"கோப்பையோட வாற பிள்ளைக்கு வாளிக் கணக்கில ஊத்துவீங்களோ?"

"ஊத்தினா நிலத்திலதான் போகும்."

"கோப்பைக்குக் கோப்பையளவு ஊத்தினா, வாளியோட வந்தவருக்குக் குறையுமோ?"

அவர் கறிக்கு உப்புக் குறைவு என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டு எழும்பி, லுஹர் தொழுதுவிட்டு சைக்கிளை எடுத்தார்.

பொழுதுபட்டு மஃரிபுக்கு வந்தபோது முகம் தெளிந்திருந்தது. கையால் வைத்ததை எல்லாம் எடுத்து ஓட்டோவில் விட்டாராம். கொஞ்ச நேரத்தில் பழசு நாலுக்கும் மஞ்சள் லைற் வந்ததாம். புதுசுகளின் பச்சை அப்படியே நின்றதாம்.

"அந்தச் சுவிச் ஒவ்வொரு வயரிலயும் தனித்தனியாக் கேக்குது, உன்னால எவ்வளவு ஏலும் எண்டு. ரெண்டு பக்கத்துக்கும் ஏலுமானதில கூடினதைப் பிடிக்குது. எங்கட கஞ்சி வரிசைதான்."

"ரீச்சர் என்ன சொன்னா?"

"சம்பந்தி வீட்டாளுங்க வந்து பந்தியில குந்திட்டாங்க எண்டா."

அடுத்த நாள் நிறுவனத்திலிருந்து வந்தவர் ஏழு கொம்பியூட்டரின் லைற்றையும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். பழசில் பாடம் வர ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம் எடுக்குமாம். பிள்ளைகள் காத்திருப்பார்களாம். ஒருத்தியும் வகுப்பை விட்டு நிற்கவில்லை. அல்லாஹ் போதுமானவன்.

ஜெமீல் இப்போது எங்கே வயர் இழுத்தாலும் ஓட்டோவில்தான் விடுகிறார். வீட்டு ஸ்டெபிலைசரை மட்டும் கையால் திருப்புகிறார். முகாமில் எரிந்த றேடியோக்களுக்காக அதன் மேல் அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.