நீலப் பெட்டியும் நீல முக்காடும்

சென்ற சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் நான் அரசாங்கமாக இருந்தேன்.

சிரிக்காதீர்கள். மற்ற நாட்களில் பள்ளிக்கூடத்தில் பூகோளம் படிப்பிக்கிற மனுஷன்தான். ஆனால் அரசாங்க சபைக்குத் தேர்தல் என்று வந்தால் வாத்திமாரைப் பிடித்துப் போலிங் கிளார்க் ஆக்கிவிடுகிறார்கள். விடியமுன்னமே வெள்ளவத்தையில் ரயிலேறி, கோட்டையில் இறங்கி, ட்ராம் பிடித்துக் கொட்டாஞ்சேனை போய்ச் சேர்ந்தேன். எங்கள் வோட்டுச்சாவடி அங்கே ஓர் அரசாங்க டிஸ்பென்சரி.

சின்னக் கட்டடம். முன்னால் நோயாளிகள் உட்கார வாங்குகள் போட்ட கூடம், பின்னால் மருந்து கலக்கும் அறை. அந்த அறை வாசலுக்கு மேலே சுவரில் ஒரு மாடம். மாடத்துக்குள் மாதா சுரூபம் — நீல முக்காடு, விரித்த கைகள், காலடியில் எரிகிற சிறு விளக்கு. எதிர்ச் சுவரில் இங்கிலாந்து மகாராஜாவின் படம். அவருக்கு விளக்கு இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கால் தானாகச் செய்தது.

முன்னொரு காலத்தில் அந்தத் தெருவில் அம்மை நோய் பரவியதாம். அப்போது துறைமுகத்தில் வேலை செய்யும் குடும்பங்கள் சேர்ந்து இந்தச் சுரூபத்தை வைத்தார்களாம். வைக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. எடுங்கள் என்றும் யாரும் சொல்லவில்லை. விளக்கேற்றிப் பார்த்துக்கொள்கிறவர் டிஸ்பென்சரியின் மருத்துவிச்சி மாக்கிரட் அக்கா. அன்றைக்கு மருந்து அலுமாரிச் சாவியோடு அவரும் வந்திருந்தார்.

நம்முடைய வோட்டு முறை உங்களுக்குத் தெரியும். தேர்தலில் நிற்கிற அபேட்சகர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம், அந்த நிறத்தில் ஒரு பெட்டி. எழுத்துத் தெரியாதவரும் நிறம் பார்த்துச் சீட்டைப் போடலாம். எங்கள் சாவடியில் நீலம், பச்சை, சிவப்பு. மூன்று பெட்டிகளையும் மருந்து அறைக்குள் வைத்துத் திரை கட்டினோம். அதாவது, வோட்டுப் போடுகிற ஒவ்வொருவரும் மாதாவின் காலடியைக் கடந்துதான் உள்ளே போகவேண்டும்.

காலையில் வரிசை நன்றாகவே நகர்ந்தது. பெண்கள் அதிகம். பலர் வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்து, நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஹனீபா நானா எழுந்து வந்தார்.

ஹனீபா நானா அந்தத் தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். பச்சைப் பெட்டி அபேட்சகரின் ஏஜெண்ட். எங்கள் மேலதிகாரி தம்பிராசா அவர்களிடம் மரியாதையாகத்தான் முறையிட்டார்: சாவடிக்குள் பெட்டியைத் தவிர வேறெங்கும் எந்த அபேட்சகரின் நிறமும் தெரியக்கூடாது என்பது சட்டம். மாதாவின் முக்காடு நீலம். நீலத்தைக் கும்பிட்டுவிட்டுப் போகிற கை எந்தப் பெட்டியில் சீட்டைப் போடும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், நீலப் பெட்டிக்காரர் ஒரு பௌத்தர். பச்சைப் பெட்டிக்காரர்தான் கத்தோலிக்கர்! கத்தோலிக்கருக்காக ஒரு முஸ்லிம் வந்து, மாதா பௌத்தருக்கு வோட்டுப் பிடிக்கிறா என்று முறையிடுகிறார்... இப்படி ஒரு வழக்கு கொழும்பைத் தவிர வேறெங்கே நடக்கும்?

தம்பிராசா சட்டத்தை வரி பிசகாமல் நடத்துகிறவர். தானும் கிறிஸ்தவர்தான், ஆனால் சுரூபம் வைக்காத புரொட்டஸ்டண்ட். முறைப்பாடு நியாயம் என்றார். டிஸ்பென்சரிக் கட்டில் விரிப்பு ஒன்றை வாங்கி மாதாவை மூடச் சொன்னார்.

அங்கேதான் பிழை நேர்ந்தது.

வெள்ளைத் துணியால் தலை முதல் கால் வரை மூடினால் எப்படி இருக்கும்? வரிசையில் முன்னால் நின்ற கிழவி ஒருத்தி அழத் தொடங்கிவிட்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுவதும் அசையாமல் நின்றது. மாதாவைப் பிணம் மாதிரி மூடிவைத்த இடத்தில் தாங்கள் வோட்டுப் போடப்போவதில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

தம்பிராசாவுக்கு முகம் வேர்த்துவிட்டது. துணியை எடுத்தால் பச்சை ஏஜெண்ட் வழக்குப் போடுவார், தேர்தலே செல்லாமல் போகும். எடுக்காவிட்டால் ஒரு தெருவே வோட்டில்லாமல் வீட்டுக்குப் போகும். அதுவும் யார்? பெண்களுக்கு வோட்டு எதற்கு என்று இந்த நாட்டில் எத்தனை பெரிய மனுஷர் மேடை போட்டுக் கேட்டார்கள்... அந்தப் பெண்கள் சமையலை ஒதுக்கிவைத்துவிட்டு, நல்ல சேலை உடுத்து வந்து நிற்கிறார்கள்.

நான் சமாதானம் செய்யப் போனேன். வாத்தி அல்லவா?

“இருந்திட்டுப் போகட்டுமே நானா. இவ்வளவு காலமும் இருந்ததுதானே. ஆருக்கு என்ன நட்டம்?”

ஹனீபா நானா என்னைப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டு மாக்கிரட் அக்காவிடம் திரும்பினார். அவர் குரல் தாழ்ந்துதான் இருந்தது.

“நட்டம் ஈக்கிது அக்கா. என்ட புள்ளைகள் எல்லாம் உங்கட கையிலதான் பொறந்திச்சி. ஒவ்வொரு தரமும் நீங்கதான் எங்கட ஊட்டுக்கு வந்தீங்க. என்ட பொஞ்சாதி சுஹரா ஒரு நாளாவது இந்தப் படி ஏறினாளா?”

“அவளுக்கு வெக்கம்னு நினைச்சேன்” என்றார் மாக்கிரட் அக்கா.

“வெக்கமில்ல. இது உங்கட கோயில்னு நெனச்சா. கவர்மெண்ட் எடம்னு நான் எத்தினயோ தரம் செல்லிட்டேன், நம்பல்ல. சின்னவனுக்குக் காய்ச்சல் கூடின நேரமும் இந்த வாசலத் தாண்டி, மழைக்குள்ள மருதானைக்குக் கொண்டுபோய்த்தான் மருந்தெடுத்தா.”

அந்தக் காய்ச்சல் மாக்கிரட் அக்காவுக்குத் தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. அந்தத் தெருவில் எந்தப் பிள்ளைக்குப் பல் முளைத்தாலும் தனக்குத் தெரியும் என்று காலையில்தான் என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்.

அக்கா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்து வாசலில் போட்டார். ஆடாமல் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். ஏறினார். துணியை உருவினார். கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி, ஒரு கை தலைக்கும் ஒரு கை அடிக்குமாக, மாதாவை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். நேரே வரிசைக்கு முன்னால் போய் நின்றார்.

“மாதாவ யாரும் துரத்தல்ல” என்றார். “நான்தான் என்ட வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். கும்பிட வாறவங்க அங்க வாங்க. வோட்டுப் போட வந்தவங்க இங்க நில்லுங்க.”

அழுத கிழவி எட்டி மாதாவின் பாதத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள்.

அக்காவின் வீடு பக்கத்து ஒழுங்கைச் சந்துக்குள். சுரூபத்தை வைக்க அங்கே உயரமாக ஒன்றும் இல்லையென்று அக்காவுக்கு நடுவழியில்தான் ஞாபகம் வந்தது. கூடப் போன ஹனீபா நானா திரும்பி வந்து ஸ்டூலைத் தோளில் போட்டுக்கொண்டார். வரிசையில் நின்ற ஒருத்தி, நானா நீங்களா தூக்குகிறீர்கள் என்று கேட்டாள்.

“நான் தூக்குறது ஸ்டூல்” என்றார் அவர். “ஸ்டூல் தூக்குறத்துக்கு மார்க்கத்தில தடையில்ல.”

வரிசை சிரித்தது. சிரித்த வரிசை நகர்ந்தது. நான் பெயர்களைச் சரிபார்க்க என் கதிரையில் உட்கார ஓடினேன்.

தம்பிராசா சுவர்களை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தார். மகாராஜாவை மட்டும் விட்டுவைத்தார். அவர் கறுப்பு வெள்ளைதானே!

முடிவு கேட்பீர்கள். நீலமும் வெல்லவில்லை, பச்சையும் வெல்லவில்லை. சிவப்புப் பெட்டிக்காரர் சுகமாக வென்றுவிட்டார். நீல ஏஜெண்டும் ஹனீபா நானாவும் ஒரே தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து ஒருவரையொருவர் தேற்றியதாகக் கேள்வி.

ஆனால் வாதம் தேர்தலோடு முடியவில்லை. திங்கட்கிழமை வெள்ளவத்தையில் நான் கதையைச் சொன்னதும் என் சிநேகிதர் ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். தன்னுடைய ஆபீசில் பிள்ளையார் படம் மாட்டக் காசு சேர்க்கிறவர் அவர். எல்லாச் சாமியையும் வரிசையாக மாட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடுவில் யார் என்று கேட்டேன். பிள்ளையார் என்றார், யோசிக்காமலே. ஏனென்றால் அவர்தானாம் முதல். உருவமே வைக்காத ஹனீபா நானாவுக்கு எதை மாட்டுவது என்று கேட்டேன். அதை அவரே வந்து சொல்லட்டும் என்றார்...

இங்கேதான் எனக்கு ஒன்று விளங்கியது. சுவரில் இருப்பது நமக்குப் பழகியது என்றால் அது நம் கண்ணில் படுவதே இல்லை. யாருக்கு நட்டம் என்று தாராளமாகக் கேட்கலாம். வாசலோடு திரும்பிப்போகிறவர் நின்று பதில் சொல்லமாட்டார். என் கால் தானாகச் செருப்பைக் கழற்றிய இடத்தில், சுஹராவின் கால் தானாகத் திரும்பியிருக்கிறது. இரண்டு கால்களுக்கும் ஒரே அரசாங்கம்தானே மருந்து வைத்திருக்கிறது?

கொட்டாஞ்சேனையிலும் சும்மா இருக்கவில்லை. மாதாவைத் திரும்ப வைக்கவேண்டும் என்று ஆண்கள் சிலர் மாக்கிரட் அக்காவின் விறாந்தையில் கூடினார்கள். காலங்காலமாக இருந்ததை ஒரு தேர்தலுக்காக எடுப்பதா என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கோபம்தான். அம்மைக்காலத்தில் தங்கள் குடும்பத்தைக் காத்ததாக அவர்கள் நம்புகிற மாதா அல்லவா? அக்கா எல்லோரையும் கடைசிவரை பேசவிட்டாராம். பிறகு, டிஸ்பென்சரிக்கு வருகிறவர்களுக்கு வேண்டியது மருந்து, மாதாவுக்கு வேண்டியது விளக்கு, இரண்டுக்கும் தான் பொறுப்பு என்றாராம். பெண்கள் அவர் பக்கம். இனிமேல் மாலையில் தேவாரம் மாதிரிச் செபமாலை சொல்ல நல்ல இடம் கிடைத்துவிட்டது என்பது அவர்கள் கட்சி. ஒழுங்கை முனையில் சொந்தக் காணியில் மாதாவுக்குக் குகை மாதிரி ஒரு சிறு கெபி கட்டுவதென்று இப்போது பேச்சு நடக்கிறது.

வியாழக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். மாடத்துக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். அதற்கு எதிரே வாங்கில், முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி ஒரு முஸ்லிம் பெண் பிள்ளையோடு இருந்தாள். சொல்லாமலே தெரிந்தது — சுஹரா. மாக்கிரட் அக்கா பிள்ளையின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், போத்தலில் மருந்து ஊற்றிக் கொடுத்தார், எல்லாம் வழக்கம்போல.

போகும்போது சுஹராவும் அக்காவும் ஒன்றாக ஒழுங்கைப் பக்கம் நடந்தார்கள். நானும் ட்ராம் பிடிக்க அவர்கள் பின்னால் போனேன். விறாந்தையில் மாதாவின் முன்னால் விளக்கு எரிந்தது. அக்கா தயங்கி நின்றார்.

“இந்த வழியால வர உனக்கு ஒரு மாதிரி இருக்குமே, மகள்?”

சுஹரா சுரூபத்தை ஒருமுறை பார்த்தாள். அக்காவை ஒருமுறை பார்த்தாள்.

“அது கவர்மெண்ட் ஊடு, மருந்துக்கு வந்தேன்” என்றாள். “இது உங்கட ஊடு. தேத்தண்ணி தந்தா இங்கயும் வருவேன்.”

உள்ளே போனார்கள். நான் வெளியே நின்றேன்.

ஒரு நாள் வெள்ளைக்காரன் போய், இந்த நாட்டை நாமே ஆளப்போகிறோம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நல்லது, வரட்டும். சட்டம் எழுத உட்காருகிறவர்கள் யாராயிருந்தாலும், அதைப் பற்றிப் பேச லண்டனுக்குக் கப்பலேறுமுன் கொட்டாஞ்சேனைக்கு ஒரு ட்ராம் டிக்கெட் எடுக்கட்டும்.