பார்பரி ரொட்டிக்கு நான் எழுதிய அட்டை

படித்துத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை, என் முழங்கால்களுக்காக எழுதாமல் விட்டேன். அதனால் ஒரு நல்ல ரொட்டிக்காரர் தன் தொழிலையே விட்டுப் போனார். அவரையும் என் மனைவியையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது.

சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் ஈரானியர் ஒருவர் நடத்திய வெதுப்பகத்தில் பல வருடங்கள் வேலை செய்தேன். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவன் நான். இங்கே மா குழைத்தேன், தட்டுக் கழுவினேன், அடுப்பு வாயில் நின்றேன். பார்பரி என்ற ரொட்டியைச் சுட்டவர் ஹசாரா இனத்தவர். ஆப்கானிஸ்தானிலிருந்து ஈரானுக்குப் போன குடும்பம். அவர் ஈரானில் பிறந்து, அங்கேயே தொழில் பழகியவர். முழங்கை நீள மாவை இழுத்து, எட்டு விரலாலும் நெடுக வரி அழுத்தி, எள்ளுத் தூவி உள்ளே தள்ளுவார். நான் முயன்றால் மா கிழிந்துவிடும். "வாத்தியார், அது பிள்ளையளின்ரை காது இல்லை, மெல்லப் பிடியும்" என்பார். நாங்கள் கதைத்தது உடைந்த ஜெர்மனில்தான். இப்போது நினைக்கும்போது எல்லாம் என் ஊர்த் தமிழிலேயே கேட்கிறது.

ரொட்டிக்கு ஏன் இந்தப் பெயர் என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் ஓர் அட்டை எழுதி மாட்டும்படி முதலாளி என்னிடம் சொன்னார்.

"எங்கடை ஆக்களின்ரை பெயர் எண்டு எழுதும்" என்றார் ஹசாராக்காரர். "தெஹ்ரானுக்கு இதைக் கொண்டு போனது எங்கடை ஆக்கள். அங்கை எங்களைப் பார்பரி எண்டுதான் சொல்லுவினம்."

முதலாளி சிரித்தார். "அடுத்ததா அரண்மனையையும் நாங்கள்தான் கட்டினது எண்டுவீர். இது ஈரான் ரொட்டி. பெயர் பெயர்தான்."

"ரொட்டி வாங்கப் போன இடத்திலை அந்தச் சொல்லாலைதான் என்னை வரிசையிலையிருந்து தள்ளினவங்கள்" என்றார் மற்றவர், என்னைப் பார்த்து. "இங்கையாவது அது ரொட்டியோடை மரியாதையா நிக்கட்டும். ஒரு வரி போதும்."

நகர நூலகத்தில் ஒரு சனிக்கிழமை முழுவதும் இருந்தேன். பார்பரி என்று அழைக்கப்பட்டவர்கள், அதாவது ஹசாராக்கள், தெஹ்ரானில் சுட்டதால் இந்தப் பெயர் வந்தது என்று ஒரு புத்தகம் சொன்னது. இன்னொன்று, அப்படிப் பலரும் சொல்கிறார்கள், ஆனால் உறுதியான சான்று இல்லை என்றது. இரண்டையும் குறித்துக்கொண்டேன். "என்று பலர் சொல்வர்" என முடித்திருந்தால் நேர்மையான வரியாக இருந்திருக்கும்.

ஆனால் அந்த வாரம்தான் முதலாளி என்னை அடுப்படியிலிருந்து எடுத்து, முன்கடையில் கதிரை போட்டு இருத்துவதாகச் சொல்லியிருந்தார். என் முழங்கால்கள் அப்போதே வீங்கத் தொடங்கியிருந்தன.

திங்கட்கிழமை முதலாளியும் ஹசாராக்காரரும் அடுப்படியில் நிற்கும்போது முதலாளி கேட்டார்: "என்ன வாத்தியார், புத்தகம் என்ன சொல்லுது?"

"நிச்சயமா ஒண்டும் தெரியேல்லை" என்றேன்.

அது முழுப்பொய் அல்ல. அதனால்தான் சொல்ல முடிந்தது. அட்டையிலும் அதையே எழுதினேன்: பழைய பாரசீக ரொட்டி, பெயரின் பிறப்பு தெரியாது. ஹசாராக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாவுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நான் மாவைக் கிழித்தாலும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். நான் கதிரையில் இருந்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். "இலங்கையிலை ஆர் முந்தி வந்தது எண்டு ஆரும் வாய் திறந்தால் உங்களுக்குக் கொதிக்கும். அந்த மனிசனுக்குக் கொதிக்காதோ?" என்றாள். நான் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினேன்.

ஓய்வு பெற்றேன். போன வருடம் முதலாளி இறந்தார். செத்த வீட்டுக்குப் போய் வந்த பிறகுதான் எனக்குத் துணிவு வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. நூலகத்துக்குப் போய் அதே புத்தகங்களை எடுத்து, ஹசாராக்களால் வந்த பெயர் என்று பலர் சொல்வர் எனப் புதிய அட்டை எழுதினேன். கடையை இப்போது நடத்தும் முதலாளியின் மகள் வாசித்துவிட்டு, "சரி" என்று பழையதைக் கழற்றி இதை மாட்டினாள். அவளுக்கு அது ஓர் அட்டை, அவ்வளவுதான்.

இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு ஹசாராக்காரரின் வீட்டுக்குப் போனேன். தலை நரைத்திருந்தது. கதவடியிலேயே நடந்ததைச் சொல்லி, பிழை என்னுடையது, மன்னிக்க வேண்டும் என்றேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு இரண்டு மொழியிலும் வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கிறீர்" என்றார். "உண்மையும் இதுதான். ஆனா நான் கேட்டது கடைக்கு வாறவைக்காக இல்லை, வாத்தியார். அந்த மனிசனுக்கு முன்னாலை நீர் சொல்ல வேணும் எண்டு கேட்டனான். அவர் போயிட்டார்."

உள்ளே வரச் சொல்லித் தேநீர் ஊற்றினார். தட்டில் கடையில் வாங்கிய சுவிஸ் பின்னல் ரொட்டி இருந்தது. வீட்டில் பார்பரி சுடுவதில்லையா என்று கேட்டேன்.

"விட்டிட்டன்" என்றார். பிறகு என் கால்களைப் பார்த்தார். "முழங்கால் எப்பிடி?"

"நோகுது" என்றேன். அட்டையை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு, ரொட்டியை வெட்டினார்.