தம்பிக்கு இடமில்லாத வடம்

சிதம்பரத்துக்கு ஆனித் தேர் பார்க்க நான் தனியாகக் கிளம்பியதுதான் எங்கள் வீட்டில் இந்த வருஷத்தின் பெரிய குற்றம். எனக்கு நாற்பத்தாறு வயது. கல்யாணம் ஆகவில்லை; கடலூரில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். ஒவ்வொரு வருஷமும், "அடுத்த தடவ எல்லாரும் சேந்து போலாம்க்கா" என்பான். காத்திருந்து தலை நரைத்ததுதான் மிச்சம். இந்த முறை தேரையும் மறுநாள் தரிசனத்தையும் பார்க்காமல் திரும்புவதில்லை என்று, அவன் எழுந்திருக்கும் முன்பே பஸ் ஏறிவிட்டேன்.

லாட்ஜில் மேனேஜர் என் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை.

"சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்கறதில்ல மேடம். வூட்ல ஆம்பளைங்க யார்னா நம்பர் குடுங்க, பேசிட்டுத் தரேன்."

கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் தனியாகத்தான் வீடு திரும்புகிறேன். அதற்கு இதுவரை யாரும் ஆம்பளை நம்பர் கேட்டதில்லை. சம்பாதிக்கப் போனால் வராத பயம், சாமி பார்க்கப் போனால் மட்டும் எல்லாருக்கும் வந்துவிடுகிறது. எரிச்சலில் தம்பி நம்பரைக் கொடுத்துத் தொலைத்தேன். மேனேஜர் போன் போட்டதும் அவன் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ரூம் குடுக்காதீங்க சார். அங்கயே உக்கார வைங்க. நான் வந்து கூட்டினு போறேன்."

நான் என்ன, திருவிழாவில் காணாமல் போன குழந்தையா? பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

கீழ வீதியில் தேர்கள் நகர ஆரம்பித்திருந்தன. இங்கே அம்மன் தேரைப் பெண்கள் மட்டும்தான் இழுப்பார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்த்தேன். வடம் பிடித்திருந்த ஓர் அம்மா திரும்பி, "பாக்கறதுக்கா வந்த? புடி" என்று நகர்ந்து இடம் விட்டார். யார் கூட வந்தாய் என்று அவர் கேட்கவில்லை. அதற்காகவே பிடித்தேன்.

தெற்கு வீதியில் தம்பி வந்துவிட்டான். பைக் ஓட்டி வந்த புழுதி முகமெல்லாம் அப்பியிருந்தது.

"அக்கா, வெளிய வா!"

நான் வடத்தை விடவில்லை. அவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு உள்ளே வரப் பார்த்தான். பெண் போலீஸ் ஒருவர் கையை நீட்டி மறித்தார்.

"லேடீஸ் வடம். ஓரமாப் போங்க."

"எங்கக்காவக் கூப்புட வந்தேன் மேடம்."

"தாராளமா கூப்புடுங்க. உள்ள மட்டும் வராதீங்க."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை. பை வேறு இடித்துக்கொண்டே இருந்தது. கழற்றி அவனிடம் நீட்டினேன். என்ன நினைத்தானோ, வாங்கிக்கொண்டான். என் பூப்போட்ட பையைச் சுமந்துகொண்டு மேல வீதி, வடக்கு வீதி என்று ஓரமாகவே நடந்து வந்தான். தேர் நின்றபோது அவனும் நின்றான்.

தேர் நிலைக்கு வந்தபோது என் உள்ளங்கை எரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எந்தத் தீபாவளிக்கும் வந்ததில்லை.

"போலாமாக்கா?" என்றான்.

"தரிசனம் பாத்துட்டு நாளைக்கு வரேன்."

"எங்க தங்குவ? நான் சொன்னாத்தான் லாட்ஜ்ல ரூம் குடுப்பான்."

"எங்ககூட சத்திரத்துல தங்கட்டும்" என்றார், எனக்கு இடம் விட்ட அந்த அம்மா.

தம்பி முறைத்தான். "நீங்க யாரு?"

"உங்க அக்காகூட வடம் புடிச்சவ."

நான் தம்பியிடம் கையை நீட்டினேன்.

"பையக் குடு."

கொடுத்தான். மறுநாள் தரிசனம் முடிந்து, கடலூருக்குத் தனியாகவே பஸ் ஏறினேன்.