வாடைக்காற்றுக்கு ஒட்டிய டேப்

கொழும்பில் புகை கொட்டாஞ்சேனையில்தான் குடியிருக்கிறது, அது காலி வீதி பஸ்ஸில் ஏறி வெள்ளவத்தைக்கு வராது என்று நான் உண்மையாகவே நம்பியிருந்தேன். மகளுக்கு இழுப்பு. துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லொறிகள் எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்று உறுமும்போதெல்லாம் அவளுடைய நெஞ்சும் சேர்ந்து விசிலடிக்கும். அதனால்தான் கடலோரமாக ஃபிளாட் எடுத்தேன்.

வந்து சேர்ந்தது வைகாசியில். கச்சான் காற்று கடலிலிருந்து நேரே வீட்டுக்குள் நுழைந்து யன்னல் கம்பிகளைத் துருப்பிடிக்க வைத்தது. மகள் இழுப்புக்கு வாயில் அடிக்கும் பம்ப் அலுமாரியில் தூங்கியது. கொட்டாஞ்சேனையிலேயே தங்கிவிட்ட மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, அடிக்கடி போன் எடுத்து, "இஞ்ச காத்துக்கே ஒரு ருசி இருக்கு மச்சான்" என்று அளப்பேன்.

மார்கழியில் காற்று திரும்பியது. வாடை தரைப்பக்கமிருந்து, துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் தடவிக்கொண்டு வந்தது. தையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை யன்னலால் பார்த்தால் கடலைக் காணவில்லை. போனில் காற்றின் தரம் சிவப்பாகக் காட்டியது. மச்சானுக்கு எடுத்தேன்.

"அங்கயும் வந்திட்டுதோ?" என்று சிரித்தார். "இங்க பஸ் ஏறின புகை இப்பதான் இறங்குது போல. டிக்கட் எடுத்ததோ எண்டு கேட்டுப் பாருங்கோ மச்சான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பார்சல் டேப் வாங்கிவந்து எல்லா யன்னல்களையும் ஒட்டினேன். பல்கனிக் கதவு, வாசல் கதவின் கீழிடுக்கு, குளியலறைத் துவாரம், ஒன்றையும் விடவில்லை.

"இனி எங்களுக்கும் முத்திரை ஒட்டிக் கனடாவுக்கு அனுப்புங்கோ" என்றாள் மனைவி.

மத்தியானம் வியர்த்துக் கொட்டியது. தாளித்த மிளகாயின் நெடி போக வழியில்லாமல் எங்களோடேயே இருந்தது. ஃபேன் பழைய காற்றையே திருப்பித் திருப்பிப் பரிமாறியது.

"அப்பா, இது நான் காலமை விட்ட மூச்சு" என்றாள் மகள்.

பொழுதுபட்டது. வெள்ளிக்கிழமை, சாம்பிராணி போடவேண்டும். காற்றைச் சுத்தப்படுத்த இதைவிட வேறென்ன வேண்டும்? மனைவி போட்ட சிட்டிகை எனக்குப் போதவில்லை. ஒரு பிடி அள்ளிப் போட்டு, தணல்சட்டியோடு மூலை மூலையாகச் சுற்றினேன். கட்டிலுக்கு அடியிலும் காட்டினேன்.

மகள் இருமினாள். பிறகு அந்த விசில். பம்ப் அடித்தும் அடங்கவில்லை.

"கதவைத் திறவுங்கோப்பா!" என்று மனைவி கத்தினாள்.

பல்கனிக் கதவில் டேப்பின் நுனியைத் தேடினேன். நகத்தால் சுரண்டினேன். கிடைத்த நுனியும் நூலாகக் கிழிந்தது. வாழ்நாளில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அந்த டேப் ஒட்டியதுதான். அதற்குள் மனைவி வாசல் கதவை இரண்டு கையாலும் இழுத்து, டேப்போடு பிய்த்துத் திறந்துவிட்டாள். மகளை மாடிப்படியில் உட்காரவைத்து, மறுபடி பம்ப் அடித்தோம்.

வெளியே அதே தைமாதப் புகைதான் இருந்தது. அதற்குள் உட்கார்ந்துதான் அவளுடைய மூச்சு சீரானது. அன்று இழுப்பு வந்தது என் சாம்பிராணியால்.