ஏட்டம்மா விட்ட அறை

நான் டி.எஸ்.பி.யாகப் பொறுப்பேற்று நான்காவது மாதம். தேர்வாய் கண்டிகைப் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு தொழிற்சாலையைத் திறந்து வைக்க மந்திரி வந்திருந்தார். வழிநெடுக பந்தோபஸ்து. யார் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று பட்டியல் போட்டது நான்தான். முந்தின நாள் எஸ்.பி. அதைப் பார்த்துவிட்டு, "ஒரு ஓட்டை இல்லாம போட்டிருக்கீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

மதியம் இரண்டரை மணிக்கு இன்ஸ்பெக்டர் என் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். நீலச் சீருடை போட்ட ஒரு பெண், எங்கள் ஆட்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு அடியில் குனிந்து சாலையைக் கடக்கப் பார்க்கிறாள். எங்கள் பெண் ஏட்டு ஒருவர் அவள் தோளைப் பிடித்து இழுத்து, கன்னத்தில் ஓங்கி அறைகிறார். சத்தம் தெளிவாகக் கேட்டது.

நான் போய்ச் சேர்வதற்குள் பக்கத்துத் தொழிற்சாலையில் அவளோடு முதல் ஷிப்ட் முடித்த பெண்கள் சாலையை அடைத்து உட்கார்ந்துவிட்டார்கள். மந்திரியின் கான்வாய் கார்களுக்காக அவர்களுடைய கம்பெனி பஸ்களை நாங்கள் ஒரு மணி நேரமாக நிறுத்தி வைத்திருந்தோம். அந்தக் கோபம் ஏற்கெனவே இருந்தது. மந்திரி உள்ளே விழா மேடையில் இருந்தார். அவர் திரும்பிப் போக வேறு வழி கிடையாது.

எஸ்.பி. போனில் வந்தார். "நாலு மணிக்கு கான்வாய் கிளம்புது. மூணே முக்காலுக்கு ரோடு காலியா இருக்கணும். எப்படின்னு நான் கேக்க மாட்டேன்."

மணி மூன்று பத்து.

இன்ஸ்பெக்டர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவருக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். "லேடீஸ் போலீஸ் இருபது பேர் இருக்காங்க மேடம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா பத்து நிமிஷத்துல தூக்கிடலாம்" என்றார்.

அந்த இருபது பேரும் லத்தியோடு வரிசையாக நின்றார்கள். கடைசியில் நின்ற ஒரு கான்ஸ்டபிள் குரலைத் தாழ்த்தி, "மேடம், அங்க பச்சைப் பை வச்சினு குந்திகினு இருக்கிறது எங்க சித்தி" என்றாள்.

ஏட்டம்மாவை ஒரு ஜீப்புக்குள் உட்கார வைத்திருந்தார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் ஏறி எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன் அடிச்சீங்க?"

"மூணு தடவ சொன்னேன் மேடம். கேக்கல."

"அதுக்கு அடிப்பீங்களா?"

"காலைல அஞ்சு மணிலேர்ந்து நின்னுகினு இருக்கேன் மேடம். மாத்திவுட ஆளே வரல. அந்தப் பக்கம் ஒரு பாத்ரூம் கெடையாது. அதுக்குப் பயந்து தண்ணியே குடிக்கல. வயர்லெஸ்ல ரெண்டு தபா கேட்டேன். இடத்த வுட்டு நகரக் கூடாது, டி.எஸ்.பி. மேடம் ஆர்டர்னாங்க. அந்தப் பொண்ணு பூந்து வந்தப்ப எனக்குக் கண்ணே தெரியல" என்றார்.

அது என் ஆர்டர்தான். பட்டியலில் மாற்று ஆட்களுக்கு என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை. எஸ்.ஐ.யாக இருந்த காலத்தில் இதே மாதிரி நாள் முழுக்க நின்றிருக்கிறேன். வேறு வழியில்லாமல் லாரி மறைவில் ஒதுங்கியபோது இரண்டு கான்ஸ்டபிள்கள் யாரிடமோ வாங்கிய துப்பட்டாவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் ஓட்டை இல்லாத பட்டியல் போட்டிருக்கிறேன்.

"வெளிய வந்து அந்தப் பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"யூனிபார்ம்ல நின்னு மன்னிப்பு கேட்டா நாளைக்கு எவ மதிப்பா? சஸ்பெண்ட் பண்ணுங்க மேடம், வாங்கிக்கிறேன்."

நான் வற்புறுத்தவில்லை. இறங்கி, வரிசையில் நின்றவர்களைப் பின்னால் போய் மரநிழலில் உட்காரச் சொன்னேன். இன்ஸ்பெக்டர், "தனியா போவாதீங்க மேடம்" என்றார். மணி மூன்று இருபத்தைந்து. தனியாகவே அந்தப் பெண்கள் முன்னால் போய் நின்றேன்.

"அடிச்சவள இட்டாந்து காட்டு!" என்று கத்தினார்கள். அடிவாங்கிய பெண் முன்வரிசையில் இருந்தாள். கன்னத்தில் விரல் தடம் இன்னும் போகவில்லை.

"எதுக்கும்மா கயிறைத் தாண்டுனீங்க?"

"பாப்பாக்கு ஜொரம்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. பஸ்ஸ வுட மாட்டேன்றீங்க. நடந்தாவது போலாம்னு பாத்தேன். சொல்லிகினே இருக்கேன், அந்தம்மா காதுலயே வாங்காம வுட்டாங்க ஒண்ணு."

நாலாபக்கமும் போன்கள் என் முகத்துக்கு நேரே உயர்ந்தன. என்ன சொன்னாலும் அது ஐந்து நிமிடத்தில் எஸ்.பி.யிடம் போய்ச் சேரும்.

"உங்கள அடிச்சது தப்பு," என்றேன். "அந்த ஏட்டம்மாவ விடியறதுக்கு முன்னாடியிருந்து மாத்து ஆள் இல்லாம நிக்க வச்சது நான். பஸ்ஸ நிறுத்தச் சொன்னதும் நான். நான் மன்னிப்புக் கேக்கறேன்."

கூச்சல் சற்று அடங்கியது. வயதில் மூத்த ஒரு தொழிலாளி, "நீ கேட்டா ஆச்சாம்மா? அடிச்சது அவளாச்சே" என்றாள். "புகார் எழுதிக் குடுங்க. நானே வாங்கிக்கிறேன், நானே விசாரிக்கிறேன்" என்றேன்.

அடிவாங்கியவள் எழுந்து நின்றாள். "எழுதறதெல்லாம் அப்புறம். மொதல்ல என்ன எம் பொண்ணாண்ட இட்டுனு போங்க."

என் ஜீப்பிலேயே அவளை ஏற்றி அனுப்பினேன். ஜீப் போன பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. மூன்று நாற்பது. எஸ்.பி.யின் போன் அடித்தது, எடுக்கவில்லை. நிறுத்தி வைத்த பஸ்களை உடனே விடச் சொன்னேன். முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றதும், அந்த மூத்த தொழிலாளி புடவையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, "ஏந்திரிங்கடி, போலாம்" என்றாள். சிலர் அவளைத் திட்டினார்கள். ஆனாலும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கடைசி பஸ் கிளம்பும்போது மணி நான்கேகால். கான்வாய் கால் மணி நேரம் காத்திருந்தது.

குழந்தைக்குச் சாதாரணக் காய்ச்சல்தான். மறுநாள் அந்தப் பெண் புகாரை எழுதிக் கொடுத்தாள். பொதுமக்கள் முன்னிலையில் துறையின் மதிப்பைக் குறைத்ததாக எனக்கு மெமோ வந்தது. விசாரணை அறிக்கையில் என் பட்டியலின் குறையையும் சேர்த்தே எழுதினேன். இருந்தும் ஏட்டம்மாவுக்கு ஒரு வருட இன்கிரிமெண்ட் நின்றது. என் மெமோ ஒரு பக்க விளக்கத்தோடு முடிந்துபோனது.

திருவள்ளூர்ப் பக்கம் மாற்றல் கேட்டு மனுவோடு ஏட்டம்மா என் அறைக்கு வந்தார். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். வாங்கிக்கொண்டு, "அன்னிக்கு அத்தினி பேர் எதிர்ல பாத்ரூம் விசயத்தச் சொல்லாம வுட்டீங்களே மேடம், அது போதும்" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. சல்யூட் வைத்துவிட்டுப் போய்விட்டார்.